சத்யா நந்தனுக்கு அஞ்சலியுரை எழுதிய அனுபவம்

2020 பிப்ரவரியில் ஃபிஜி நாட்டின் அரசுறவியலாளர் சத்யா நந்தன் காலமானார். அப்போது சட்டக் கல்லூரி ஒன்றில் கடல் சட்டம் கற்பித்துக்கொண்டிருந்த என்னிடம், மாணவர்களுக்காக அரை மணி நேர அஞ்சலியுரை ஒன்றைத் தயாரிக்கும்படி துறையில் கேட்டுக்கொண்டார்கள். இருபது ஆண்டுகளாக அவர் பெயரை அடிக்குறிப்புகளில் பார்த்துப் பழகியவன் என்பதால், ஒரே மாலையில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த உரையை மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. முதல் இரண்டும் ஏன் தவறின என்பதைச் சொன்னால், இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுத அமர்பவர்களுக்கு ஓரளவு உழைப்பு மிஞ்சும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் வரைவு பதவிகளின் பட்டியலாக இருந்தது. 1936-இல் ஃபிஜியில் பிறந்தார்; லண்டனில் சட்டம் படித்தார்; 1970 அக்டோபரில் ஃபிஜி விடுதலை பெற்று ஐ.நா.வில் சேர்ந்தபோது நியூயார்க்கில் தூதுக்குழுவை அமைத்தவர்களில் ஒருவராக இருந்தார். பிறகு பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பியச் சமூகத்துக்கான தூதர். 1983 முதல் 1992 வரை ஐ.நா. துணைப் பொதுச் செயலாளர் தகுதியில் கடல் சட்டத்துக்கான சிறப்புப் பிரதிநிதி. 1996 முதல் 2008 வரை ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரிலுள்ள சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தின் முதல் பொதுச் செயலாளர். இதில் எதுவும் பிழையில்லை. ஆனால் இதை வாசித்துக் காட்டியபோது என் முன்னாள் மாணவி ஒருவர், “சார், இதெல்லாம் அவர் உட்கார்ந்த நாற்காலிகள். அவற்றில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார்?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல், பாடநூலில் அது இருக்கிறது என்று மழுப்பினேன்.

இரண்டாவது வரைவில் பதவிகளைக் குறைத்து உணர்ச்சியைக் கூட்டினேன். அவர் இந்திய வம்சாவளியினர் என்பதால், “நம் மண்ணின் வேர் பசிபிக்கில் கிளைத்தது” என்கிற ரீதியில் தொடங்கினேன். 1987-இல் ஃபிஜியில் ராணுவப் புரட்சி நடந்து இந்திய வம்சாவளியினர் பலர் நாட்டைவிட்டு வெளியேறிய காலத்தில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று ஒரு பத்தியையும் கற்பனையாகச் சேர்த்தேன். ஏப்ரல் மாதம் ஊரடங்கின்போது இணையவழியில் அந்த உரையை நிகழ்த்தினேன். கேட்டவர்களில் ஃபிஜியின் தலைநகர் சுவாவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இருந்தார். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து மிகுந்த மரியாதையுடன் ஒரு கடிதம் வந்தது. ஐ.நா. கடல் சட்ட மாநாட்டு மண்டபத்தில் நந்தனின் முன்னால் இருந்த பெயர்ப்பலகையில் ஃபிஜி என்றுதான் எழுதியிருந்தது, இந்தியா என்று எழுதிய பலகை வேறொருவர் முன் இருந்தது என்று அதில் அவர் நினைவூட்டியிருந்தார். புரட்சியைப் பற்றி நந்தன் வாய்திறந்து சொன்ன ஒரு வாக்கியத்தையாவது மேற்கோள் காட்ட முடியாதென்றால், அவருக்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்தப் பத்தியை நீக்கினேன். இறந்தவரின் மனத்துக்குள் புகுந்து எழுதுவது, அவரால் மறுக்க முடியாது என்ற துணிச்சலில் செய்யும் காரியம் என்று அப்போதுதான் உறைத்தது.

அதே உரையில் இன்னொரு பிழையும் இருந்தது. கடற்கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நீளும், மீன் முதலிய வளங்கள் கரையோர நாட்டுக்கே உரிய மண்டலத்தை, நாளிதழ்ப் பழக்கத்தில் ‘சிறப்புப் பொருளாதார மண்டலம்’ என்று சொல்லிவிட்டேன். ஃபிஜியின் மண்டலம் ஏறத்தாழ 13 லட்சம் சதுர கிலோமீட்டர் என்றதும், “அவ்வளவு பெரிய தொழிற்பேட்டையா, சார்?” என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி, ஏற்றுமதித் தொழிற்சாலைகள் இருக்கும் இடத்துக்கும் நாம் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அன்று முதல் ‘பிரத்யேகப் பொருளாதார மண்டலம்’ என்றே எழுதுகிறேன். கலைச்சொல் அழகாக இருக்க வேண்டும் என்பதைவிட, அது வேறொன்றின் பெயராக இருக்கக் கூடாது என்பது முக்கியம்.

மூன்றாவது முறை எழுதும்போது, பிறந்த ஆண்டை ஒதுக்கிவைத்து வரைபடத்தில் தொடங்கினேன். ஃபிஜியின் நிலப்பரப்பு சுமார் 18,270 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்கு. அது முந்நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. பள்ளி அட்லஸில் ஃபிஜியைத் தேடச் சொன்னால் மாணவர்கள் தடுமாறுவார்கள், ஏனென்றால் 180 பாகைத் தீர்க்கரேகை தாவேயுனி போன்ற தீவுகளின் மேலேயே ஓடுகிறது. சுவா வரைபடத்தின் வலது ஓரத்திலும், அதே நாட்டின் லாவ் தீவுகள் இடது ஓரத்திலும் போய் விழும். நான் இரண்டு தாள்களை அச்செடுத்து, ஓரங்களை வெட்டி ஒட்டி, ஒரே ஃபிஜியாக்கிச் சுவரில் மாட்டினேன். அதைப் பார்த்த பிறகு, விடுதலை பெற்ற மறுநாள் அந்த நாட்டின் முன்னிருந்த கேள்வியை விளக்க அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு தீவையும் சுற்றி ஒரு சிறு வளையம் கடல் மட்டும் நாட்டுக்குச் சொந்தம், இடைப்பட்ட நீரெல்லாம் பொதுக்கடல் என்றால், ஒரே நாட்டின் ஒரு தீவிலிருந்து மறு தீவுக்குப் போகிறவர் தன் நாட்டைவிட்டு வெளியேறித்தான் திரும்பி வர வேண்டும்.

ஃபிஜி, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மொரிஷியஸ் ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து ‘தீவுக்கூட்ட நாடு’ என்ற கருத்தை முன்வைத்தது இதனால்தான். வெளிப்புறத் தீவுகளின் முனைகளைக் கோட்டால் இணைத்து, உள்ளே இருக்கும் நீரையும் நாடாகக் கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கடற்படைகளை உலகமெங்கும் ஓட்டிக்கொண்டிருந்த வல்லரசுகளுக்கு இது கசந்தது. இன்று 1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 47-ஆவது பிரிவாக நிற்பது அந்த இழுபறியின் முடிவு: கோடு ஒவ்வொன்றும் 100 கடல் மைலுக்கு மேல் போகக் கூடாது, மொத்தக் கோடுகளில் 3 சதவீதம் மட்டும் 125 வரை நீளலாம், உள்ளே அடங்கும் நீருக்கும் நிலத்துக்குமான விகிதம் 1:1-க்குக் குறையாமலும் 9:1-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும்.

இந்த எண்களை நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கடந்துபோயிருக்கிறேன். அந்த முறை நூல்கண்டு ஒன்றை வாங்கிவந்தேன். என் வரைபடம் இருபது லட்சத்தில் ஒன்று என்ற அளவில் இருந்ததால், 100 கடல் மைல் என்பது 9.26 சென்டிமீட்டர், 125 என்பது பதினொன்றரைக்குச் சற்று மேல். அந்த நீளங்களில் நூலை வெட்டி, குண்டூசிகளைக் கொடுத்து, ஃபிஜியைச் சுற்றி வேலி போடச் சொன்னேன். பெருந்தீவான வீட்டி லெவுவைச் சுற்றி எளிதாகப் போட்டார்கள். லாவ் தீவுகளின் கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் சண்டை நடந்தது. கடைசியில் வடக்கே தனியாகக் கிடக்கும் ரோட்டுமாவையும் உள்ளே இழுக்க ஒருவர் நூலை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. அது நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ரோட்டுமாவுக்கு இன்றும் தனிக் கோடுதான். விகிதத்தின் இரு முனைகளும் யாரை வெளியே நிறுத்துகின்றன என்பது அடுத்த கேள்வியாக வந்தது. 1:1 என்ற கீழ்வரம்பு பிரிட்டன், ஜப்பான் போன்ற பெருந்தீவு நாடுகளை ஒதுக்குகிறது. 9:1 என்ற மேல்வரம்பும் கோட்டின் நீளமும் சேர்ந்து, மூன்று தீவுத்தொகுதிகளாக வெகுதொலைவில் பரந்து கிடக்கும் கிரிபாட்டியால் அனைத்தையும் ஒரே வேலிக்குள் கொண்டுவர முடியாதபடி செய்கின்றன. பவளத் திட்டுகளுக்கு உட்பட்ட நீரை நிலமாகக் கணக்கிடலாம் என்று அதே பிரிவின் ஏழாவது பத்தி தரும் சலுகை, சின்னஞ்சிறு பவளத் தீவுகளுக்கு எவ்வளவு பெரிய சலுகை என்பதை, நூலைக் கையில் பிடித்திருந்தவர்களிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதில் நந்தன் எங்கே? இந்தக் கேள்விதான் என்னை அதிகம் படுத்தியது. அந்த உடன்படிக்கையை உருவாக்கிய ஐ.நா.வின் மூன்றாம் கடல் சட்ட மாநாடு 1973 முதல் 1982 வரை நடந்தது. இலங்கையின் ஷெர்லி அமரசிங்க அதன் தலைவராக இருந்தார். 1980 இறுதியில் அவர் மறைந்த பிறகு சிங்கப்பூரின் டாமி கோ தலைமை ஏற்றார். கடல் எல்லைகள், நீரிணைகள், பொருளாதார மண்டலம், தீவுக்கூட்டங்கள் எல்லாம் இரண்டாம் குழுவின் பொறுப்பு. அந்தக் குழுவின் அறிக்கையாளர் சத்யா நந்தன். அறிக்கையாளர் என்றால் குறிப்பெடுப்பவர் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். வாக்கெடுப்பைக் கூடியவரை தவிர்த்து ஒருமித்த கருத்தை எட்டுவது என்று முடிவு செய்துகொண்ட மாநாட்டில், எந்தச் சொல்லை யார் பொறுத்துக்கொள்வார்கள் என்பதை அறிந்து எழுதுகோலைப் பிடித்திருப்பவர் வெறும் எழுத்தர் அல்லர். 1975-இல் ஜெனீவாவில் ஃபிஜியும் பிரிட்டனும் இணைத்தலைமை தாங்கிய தனிக்குழு ஒன்றில்தான், நீரிணைகள் வழியாகக் கப்பல்கள் தடையின்றிச் செல்லும் ‘இடைவழிக் கடப்பு’ முறை உருவம் பெற்றது. கரையோரக் கடல் 12 மைலாக விரிந்தால் உலகின் நூற்றுக்கும் மேற்பட்ட நீரிணைகள் யாராவது ஒருவரின் கடலாகிவிடும் என்ற அச்சம் பெரிய நாடுகளை உலுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த அச்சத்தைத் தணிக்கும் வேலை, நீரிணை எதிலும் பங்கில்லாத, கடற்படை என்று சொல்லும்படி ஒன்றுமில்லாத ஒரு சிறு நாட்டிடம் வந்து சேர்ந்தது.

அவர் கைவண்ணத்தைக் கண்ணால் பார்க்க நான் கண்ட வழி, வரைவுகளை அடுத்தடுத்து வைத்துப் படிப்பது. 1975, 1976, 1977, 1979 வரைவுகளையும் இறுதி உடன்படிக்கையையும் அச்செடுத்து, மாறிய சொல்லை மட்டும் சிவப்புப் பென்சிலால் கோடிட்டேன். உடன்பாடு எட்டாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவது பேச்சுவார்த்தை மேசைகளின் வழக்கம். அடைப்புக்குறி நீங்குவது என்றால் யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கிறார் அல்லது இருவரும் விட்டுக்கொடுத்ததாக எண்ணாமல் ஏற்கும் வேறொரு சொல் கிடைத்திருக்கிறது என்று பொருள். 69-ஆவது பிரிவை எடுத்துக்கொள்கிறேன். கடற்கரையே இல்லாத நாடுகளுக்கு அண்டை நாட்டின் பொருளாதார மண்டலத்து மீனில் பங்கு உண்டா என்பது அதன் பொருள். 1978-இல் இதற்கென அமைக்கப்பட்ட நான்காம் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு நந்தன் தலைவர். சுற்றிலும் கடலாக உள்ள நாட்டின் பிரதிநிதி, கடலையே பாராத நாடுகளின் வழக்கைத் தீர்க்க அமர்ந்தார். முந்தைய வரைவில், கடற்கரையில்லா நாடுகளுக்கு மீன்வளத்தில் பங்கேற்கும் உரிமை உண்டு என்ற அளவில் வாக்கியம் இருந்தது. குழுவிலிருந்து வெளிவந்த வாக்கியத்தில் ‘உரிமை’ என்ற சொல் அப்படியே நின்றது, ஆனால் அது, கரையோர நாடு தன்னால் பிடிக்க முடிந்தது போக மிஞ்சும் உபரியில் பொருத்தமான ஒரு பங்கின் மீதான உரிமையாகிவிட்டிருந்தது. உரிமை என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு அந்தச் சொல் கிடைத்தது. மீனை விட மனமில்லாதவர்களுக்கு, உபரி எவ்வளவு என்று கணக்கிடும் வாய்ப்பு கையில் இருந்தது. இது ஏமாற்று வேலையா சாமர்த்தியமா என்று வகுப்பில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. என் கருத்தில், கடற்கரையில்லா நாடுகள் கொஞ்சம் குறைவாகவே பெற்றன. ஆனால் அந்த வாக்கியம் இல்லாதிருந்தால் உடன்படிக்கையே அங்கே முட்டி நின்றிருக்கக்கூடும்.

எழுதுகிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சிவப்புக் கோடுகளைக் கண்ட உற்சாகத்தில் “69-ஆவது பிரிவை இயற்றியவர் நந்தன்” என்று எழுதிவிட்டேன், பிறகு அடித்தேன். “அவர் தலைமை தாங்கிய குழுவில் உருவானது” என்பதுதான் சான்றுகள் தாங்கும் வாக்கியம். அஞ்சலிகளில் வினைச்சொற்கள் இயல்பாகவே பெருத்துவிடுகின்றன. பங்கேற்றார் என்பது வழிநடத்தினார் ஆகி, வழிநடத்தினார் என்பது உருவாக்கினார் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் எதிரே ஓரத்தில், இதற்கு எந்த ஆவணம் சாட்சி என்று எழுதிப்பார்த்தேன். உரை மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது.

1982 டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மான்டிகோ பேயில் உடன்படிக்கை கையெழுத்துக்குத் திறக்கப்பட்டு, அன்றே 119 கையெழுத்துகள் விழுந்தன. கையெழுத்திட்டதோடு நிற்காமல் அதே நாளில் அதற்கு ஏற்புறுதியும் அளித்த ஒரே நாடு ஃபிஜி. ஆனால் ஆழ்கடல் படுகையின் கனிமங்களைப் பற்றிய பதினோராம் பகுதியை அமெரிக்காவும் வேறு பல தொழில்வள நாடுகளும் ஏற்கவில்லை. 1990 முதல் ஐ.நா. பொதுச் செயலாளரின் பெயரில் நடந்த கலந்தாய்வுகளின் தொடக்க ஆண்டுகளில், செயலகத்தில் கடல் விவகாரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் நந்தன். 1993-இல் அந்தக் கூட்டங்களில் யார் எழுதியது என்று பெயர் போடாத ஒரு வரைவு சுற்றுக்கு வந்தது; அட்டையில் ஒரு படகின் படம் மட்டும் இருந்ததால் அதற்குப் ‘படகுத் தாள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெயரில்லாத ஒரு தாள் உலகக் கடல் சட்டத்தின் முடிச்சை அவிழ்க்க உதவியது என்பதை மாணவர்கள் நம்ப மறுத்தார்கள். பெயர் இருந்திருந்தால், எழுதிய நாட்டின் எதிரிகள் படிக்கும் முன்பே நிராகரித்திருப்பார்கள். 1994 ஜூலை 28 அன்று பதினோராம் பகுதிக்கான திருத்த ஒப்பந்தம் எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பர் 16 முதல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

இதே காலத்தில் அவர் மற்றொரு மாநாட்டுக்கும் தலைமை ஏற்றிருந்தார். நாட்டு எல்லைகளைப் பொருட்படுத்தாமல் திரியும் சூரை போன்ற மீன்களையும், 200 மைல் கோட்டின் இருபுறமும் உலவும் மீன்களையும் பற்றிய ஐ.நா. மாநாடு அது, 1993 முதல் 1995 வரை நியூயார்க்கில் நடந்தது. 1995 மார்ச்சில், தன் 200 மைலுக்கு வெளியே மீன்பிடித்த ஸ்பெயின் நாட்டு இழுவைக் கப்பலைக் கனடா சிறைபிடித்தது. ஐரோப்பாவும் கனடாவும் முறைத்துக்கொண்டிருந்த அந்த வாரங்களில்தான் மாநாட்டின் அடுத்த அமர்வு கூடியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று ஒப்பந்தம் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. மீன்வளம் குறித்த தகவல் போதாமலிருப்பதையே காரணம் காட்டிப் பாதுகாப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை விதி அதன் 6-ஆவது பிரிவில் இருக்கிறது. அதன் தொடர்ச்சியாக, மேற்கு, மத்தியப் பசிபிக் சூரை மீன் வளத்துக்கான 2000-ஆம் ஆண்டு ஹோனலூலு உடன்படிக்கைப் பேச்சுவார்த்தைக்கும் அவரே தலைவர். உலகின் சூரை மீன் பிடிப்பில் பாதிக்கும் மேல் அந்தக் கடலில்தான் கிடைக்கிறது என்பதால், தீவு நாடுகளுக்கு இதுவே அவருடைய பணிகளில் மிக நேரடியாகப் பயன்படுவது என்று நினைக்கிறேன். ஆனால் சட்ட நூல்கள் இதற்கு ஒதுக்கும் பக்கங்கள் மிகக் குறைவு.

கிங்ஸ்டனில் கடற்படுகை ஆணையத்தில் அவர் கழித்த பன்னிரண்டு ஆண்டுகளை என் உரையில் சுருக்கமாகவே சொன்னேன். ஒரு புதிய அமைப்புக்குக் கட்டடம், விதி, பணியாளர், வரவுசெலவு எல்லாம் ஏற்படுத்துவது பெரிய வேலை. கேட்பதற்குச் சுவையான வேலை அன்று. ஒன்றை மட்டும் விடவில்லை. ஆழ்கடல் தரையில் கிடக்கும் பல்லுலோக உருண்டைகளைத் தேடுவதற்கான விதிகள் 2000-இல் அங்கே ஏற்கப்பட்டன. அவற்றின்கீழ் 2002 மார்ச்சில் இந்தியாவும் மத்திய இந்தியப் பெருங்கடல் பகுதிக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்த உருண்டைகளை ஐயாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து எடுக்கும் கருவிகளை ஆராய்ந்துவரும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிறது. அந்தச் சாலை வழியாகத் தினமும் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் எங்கள் வகுப்பிலேயே இருந்தார். சுவா ஆசிரியர் சுட்டிக்காட்டிய தவறைத் திரும்பவும் செய்யாமல், நந்தனுக்கும் நமக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல இதுவே போதுமானதாக இருந்தது.

திருத்திய உரையைச் சுவாவுக்கு அனுப்பினேன். வரைபடத்தை ஒட்டிய இடத்தில் லாவ் தீவுகள் ஒரு சென்டிமீட்டர் தெற்கே இறங்கிவிட்டன என்று மட்டும் பதில் வந்தது. மறு ஆண்டு சரிசெய்தேன்.

இப்போதும் ஆண்டுதோறும் பருவத் தொடக்கத்தில் அந்த உரையை நூலோடும் குண்டூசியோடும் நடத்துகிறேன். பிறந்த நாள், பதவிகள், விருதுகள் எல்லாம் கடைசியில் அரைப் பக்கமாக அடங்கிவிட்டன. 2023 மார்ச்சில் பொதுக்கடல் உயிரினப் பாதுகாப்பு உடன்படிக்கை நியூயார்க்கில் இறுதி வடிவம் பெற்றது. நாற்பது மணி நேரத்தை நெருங்கும் அளவுக்கு நீண்ட கடைசி அமர்வின் முடிவில், மாநாட்டுத் தலைவரான சிங்கப்பூரின் ரெனா லீ, கப்பல் கரையை எட்டிவிட்டது என்று அறிவித்தார். அந்தக் காட்சியை வகுப்பில் போட்டுக் காட்டியபோது, முதலாமாண்டு மாணவி ஒருவர் அந்த மாநாட்டின் வரைவுகள் இப்போதும் இணையத்தில் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். 2019-ஆம் ஆண்டு வரைவிலிருந்து ஒவ்வொன்றாக அச்செடுத்து, பக்கத்துக்கு எத்தனை அடைப்புக்குறிகள் என்று அவர் எண்ணத் தொடங்கியிருக்கிறார். சிவப்புப் பென்சில்கள் இரண்டு கொடுத்திருக்கிறேன்.